பெயர்ப்பலகை எவ்வளவு சொல்லலாம்? வழக்கறிஞரின் தகுதியும் விளம்பரத் தடையும்

வழக்கு என்று வந்துவிட்டால் எந்த வழக்கறிஞரிடம் போவது, எதைப் பார்த்து முடிவு செய்வது? இந்தியச் சட்டத்தொழில் இதற்கு நெடுங்காலமாக ஒரே விடையைச் சொல்லிவந்திருக்கிறது: நற்பெயரைப் பார்த்து. திறமையான வழக்கறிஞரைத் தேடிக் கட்சிக்காரர் தானாக வருவார், வழக்கறிஞர் தன்னைப் பற்றித் தானே பேச வேண்டியதில்லை என்பது அந்த விடைக்குள் இருக்கும் நம்பிக்கை. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வாழும் ஊரில் இது ஓரளவு செல்லும். அறியாதவர்கள் கூடும் ஊரில் செல்லுமா என்பதும், செல்லாத இடத்தில் வழக்கறிஞர் தன் தகுதியை எந்த அளவுக்கு, எந்த வடிவில் அறிவிக்கலாம் என்பதும் இன்றும் தீராத விவாதங்கள். அவற்றில் எழுந்துள்ள முக்கிய நிலைப்பாடுகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

கேள்வி எழும் இடம்

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வேளாங்கண்ணி பொருத்தமான ஊர். 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது அது. அங்கே சட்ட உதவி தேடக்கூடியவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் சுற்றுவட்டார மக்கள். நெல்வயலின் குத்தகை, கோயில் நிலத்தின் பாக்கி, பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் ஆகியவை அவர்களுடைய வழக்குகள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள் வருவாய் நீதிமன்றத்தில் நடப்பவை. உரிமையியல் வழக்குகளில் நல்ல பழக்கமுள்ள வழக்கறிஞருக்கும் அந்த நடைமுறை பழக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் வகையினர் வெளியூர்ப் பயணிகள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் பெருவிழாவுக்குக் கேரளம், கோவா, மும்பை, ஆந்திரம் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சாலை விபத்து நேர்ந்தால், உள்ளூரில் அவருக்குத் தெரிந்த வழக்கறிஞர் எவரும் இருக்க வாய்ப்பு குறைவு. தமிழ்ப் பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட அவரால் முடியாமல் போகலாம். இழப்பீட்டு மனுவைச் சொந்த ஊரிலேயே தாக்கல் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்தத் தகவல் அவர் காதுக்கு எட்டுவதற்கு முன்பே, நாகப்பட்டினத்திலேயே வழக்குப் போட்டாக வேண்டும் என்று சொல்லும் தரகர் வந்துவிடக்கூடும்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் வழக்குகள் சென்னைக்குப் போகின்றன. ஆகவே, தஞ்சாவூர் உறவினர் பரிந்துரைக்கும் மதுரை வழக்கறிஞர் வேளாங்கண்ணிக்காரரின் மேல்முறையீட்டுக்கு வசதியானவராக இருக்கமாட்டார். ஒரு வழக்கறிஞர் எங்கே, எந்தத் துறையில், எத்தனை ஆண்டுகளாக வழக்காடுகிறார் என்ற சாதாரணத் தகவலுக்கு இங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது.

பட்டமே தகுதியைச் சொன்ன காலம்

விளம்பரத் தடை ஆங்கிலேய வழக்கறிஞர் மரபிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரி. ஆனால் அந்த மரபு இங்கே வேரூன்றிய காலத்தில் தொழிலின் அமைப்பே வேறாக இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் பாரிஸ்டர், அட்டர்னி, ஹைகோர்ட் வக்கீல், முதல் தரப் பிளீடர், இரண்டாம் தரப் பிளீடர் எனப் பல படிநிலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனிச் சன்னது, தனி எல்லை. யார் எந்த நீதிமன்றம் வரை போகலாம் என்பதைப் பெயருக்குப் பின்னால் வரும் பட்டமே அறிவித்தது. தஞ்சை வட்டாரத்தில் பிறந்து, குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கி, பிளீடர் தேர்வில் தேறி, பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி அய்யரின் வாழ்க்கை இந்தப் படிநிலைகளின் வழியாகவே ஏறியது.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்தப் பிரிவுகளை நீக்கி அனைவரையும் ‘அட்வகேட்’ என்ற ஒரே வகைக்குள் கொண்டுவந்தது. 16ஆம் பிரிவின்படி மூத்த வழக்கறிஞர் என்ற ஒரு பிரிவு மட்டும் எஞ்சியது. சமத்துவத்தின் கண்ணோட்டத்தில் இது நல்ல மாற்றம். ஆனால் அதன் பக்கவிளைவு அதிகம் பேசப்படவில்லை. பட்டம் தகுதியைச் சொல்வது நின்றது. வழக்கறிஞரே சொல்லலாம் என்ற அனுமதியும் வரவில்லை. பழைய மரபில் தடையும் பட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பட்டம் போன பின்னும் தடை மட்டும் நீடித்தது.

முதல் நிலைப்பாடு: முழுத் தடை

அந்தத் தடையின் இன்றைய வடிவம் இந்திய பார் கவுன்சில் விதிகளின் 36ஆம் விதி. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், நேரடித் தொடர்பு, நேர்காணல், தாம் நடத்திய வழக்குகளையொட்டிப் பத்திரிகையில் வரும் செய்தி, புகைப்படம் ஆகிய எவற்றின் மூலமும் வழக்குத் தேடக் கூடாது என்கிறது அது. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். பார் கவுன்சிலிலோ வழக்கறிஞர் சங்கத்திலோ பதவி வகிப்பதை, முன்பு நீதிபதியாகவோ அட்வகேட் ஜெனரலாகவோ இருந்ததை, குறிப்பிட்ட வகை வழக்கில் தனித் தேர்ச்சி உள்ளதைப் பலகையிலோ கடிதத்தாளிலோ காட்டக் கூடாது.

நீதிமன்றங்கள் இதைக் கண்டிப்புடனேயே காத்துவந்துள்ளன. வழக்குக் கேட்டு எழுதிய ஓர் அஞ்சலட்டைக்காக ஒரு வழக்கறிஞர் தண்டிக்கப்பட்டதை 1962ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் காணலாம். பம்பாய் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் கட்சிக்காரர்களை மறித்து வழக்குப் பிடித்தவர்கள் பற்றிய தபோல்கர் வழக்கில் (1976), விதியைக் குறுக்கிப் படித்த ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பார்வையை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாக நிராகரித்தார். சட்டத்தொழில் வணிகம் அல்ல என்ற கருத்துக்கு இன்றுவரை அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அந்தத் தீர்ப்புதான்.

2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இதே தடத்தில் சென்றது. குவிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற இணையதளங்கள் வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தி, கட்டணம் போட்டு, பண்டம்போல் பட்டியலிடுவதை அது கண்டித்தது. விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்தும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில், நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்துச் செய்யப்படும் விளம்பரங்களுக்கு எதிராகத் தனி அறிக்கையே வெளியிட்டது.

இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. வழக்கின் முடிவை எவராலும் உறுதி கூற முடியாது. விளம்பரமோ உறுதி கூறாமல் இயங்குவது கடினம். துயரத்தில் இருப்பவரின் தடுமாற்றத்தைப் பயன்படுத்துவது எளிது. பெரிய நிறுவனங்களின் பணபலத்தின் முன் தனியாகத் தொழில் செய்யும் சிறு வழக்கறிஞர் நிற்க முடியாது.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வெளிப்படையான அறிவிப்பு தடுக்கப்பட்டாலும் வழக்குப் பிடிப்பது நிற்கவில்லை. 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டத்திலேயே நீதிமன்றத் தரகர்களைப் பட்டியலிடும் ஏற்பாடு இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதே ஏற்பாட்டை 45ஏ பிரிவாக வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. தடையும் தரகரும் இத்தனை காலம் சேர்ந்தே வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், தகவல் இல்லாத வெற்றிடத்தைத் தரகர் நிரப்புகிறார் என்ற ஐயம் நியாயமானதே. நற்பெயரும் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் சென்று சேர்வதில்லை. தலைமுறைகளாகச் சட்டத்தொழிலில் உள்ள குடும்பம், பெரிய சீனியரின் அலுவலகம், சாதிச் செல்வாக்கு ஆகியவற்றின் வழியாகவே அது பரவும் என்றால், முதல் தலைமுறை வழக்கறிஞருக்குத் தடை கூடுதல் சுமையாகிறது.

இரண்டாவது நிலைப்பாடு: அறிவிப்பதும் பேச்சுரிமையே

இதற்கு எதிர்முனையில் நிற்பது அமெரிக்கா. அரிசோனா மாநிலத்தில் இரு வழக்கறிஞர்கள் கட்டண விவரத்துடன் நாளிதழில் கொடுத்த விளம்பரம் வழக்காகி, 1977இல் பேட்ஸ் தீர்ப்பில் முழுத் தடை வீழ்ந்தது. தகுதியை அறிவிப்பது பற்றிய நுணுக்கமான விவாதம் அதற்குப் பின்னரே வந்தது. 1982ஆம் ஆண்டின் ஆர்.எம்.ஜே. வழக்கில், எந்தெந்த மாநிலங்களில் தனக்கு அனுமதி உண்டு என்பதையும் தன் துறைகளையும் தன் சொற்களிலேயே வெளியிட்ட மிசோரி வழக்கறிஞருக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்காட அனுமதி பெற்றவர் என்று அவர் பெரிய எழுத்தில் போட்டிருந்ததும் அங்கே பேசப்பட்டது. அது உண்மை. ஆனால் அந்த அனுமதி பெறுவது கடினமல்ல என்பதை அறியாத வாசகர் அதைப் பெரும் சிறப்பாக எண்ணக்கூடும். அது நல்ல ரசனை அல்ல என்று குறைபட்டுக்கொண்ட நீதிமன்றம், அது ஏமாற்றியதாக நிறுவப்படவில்லை என்று விட்டுவிட்டது. 1990இல் பீல் வழக்கில் ஒரு தனியார் அமைப்பு தந்த வழக்காடல் நிபுணர் சான்றிதழையும், 1994இல் இபானெஸ் வழக்கில் கணக்காளர் தகுதியையும் குறிப்பிடும் உரிமை காக்கப்பட்டது.

இந்தியாவில் இந்த வாதத்துக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது 1995ஆம் ஆண்டின் டாடா பிரஸ் தீர்ப்பு. வணிக விளம்பரமும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சு என்று அது ஏற்றது. ஆயினும், அந்தத் தீர்ப்பு வழக்கறிஞர்களைப் பற்றியதல்ல. 36ஆம் விதியை அந்த அளவுகோலால் முழுமையாகச் சோதித்து முடிவு கூறும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்றே தோன்றுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனத்தை ஆர்.எம்.ஜே. வழக்கே காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தத்தில் தவறான எண்ணம் எழலாம். அதைக் கண்டுகொள்ளும் பயிற்சி கட்சிக்காரருக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இந்த வாதம் முன்னகர்கிறது. நோட்டரி என்பதும் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் என்பதும் பெயர்ப்பலகையில் எத்தகைய மதிப்பை உண்டாக்குகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த அனுமானம் டெல்டாக் கிராமங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லத் தயக்கம் வரும்.

மூன்றாவது நிலைப்பாடு: அளந்து கொடுத்த அனுமதி

இந்தியா எடுத்த நடுவழி 2008இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த வழக்கு ஒன்றின் பின்னணியில், பார் கவுன்சில் 36ஆம் விதியில் ஒரு விலக்கைச் சேர்த்தது. அதன்படி வழக்கறிஞர் தமது இணையதளத்தில் சில விவரங்களைத் தரலாம்: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு நாள், எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம், தொழில்முறைத் தகுதியும் கல்வித் தகுதியும், வழக்காடும் துறைகள். இவை உண்மை என்ற உறுதிமொழியும் உடன் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

மலேசியாவும் 2001ஆம் ஆண்டின் தனி விதிகள் மூலம் கட்டுப்பாடுகளுடன் அறிவிப்பை அனுமதித்தது. இலங்கையின் 1988ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பழைய தடை மரபுக்கு நெருக்கமானவை. தமிழ்க் கட்சிக்காரர்கள் வாழும் நாடுகளுக்கிடையிலேயே கோடு வெவ்வேறு இடங்களில் விழுகிறது.

நடுவழியின் முதல் குறை அதன் ஊடகம். வழக்காடும் துறைகளை இணையத்தில் சொல்லலாம். தனித் தேர்ச்சியைப் பெயர்ப்பலகையில் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் இடையே விதி காணும் வேறுபாடு ஏட்டில் நிற்கலாம். சாலையில் நின்று படிப்பவருக்கு அது பிடிபடாது. இணையதளம் வைத்திருப்பவர் பெரும்பாலும் மாநகர நிறுவனமாகவும், பலகை மட்டுமே உள்ளவர் தாலுகா வழக்கறிஞராகவும் இருக்கும்போது, விதி யாருக்குச் சாதகமாகிறது என்று கேட்க இடமுண்டு. இரண்டாவது குறை, உறுதிமொழியை வழக்கறிஞரே தருகிறார். அதைச் சரிபார்ப்பவர் எவரும் இல்லை.

நான்காவது நிலைப்பாடு: சொல்வது கடமை

விவாதத்தைச் சொல்லலாமா என்பதிலிருந்து சொல்லியாக வேண்டும் என்பதை நோக்கித் திருப்பியது இங்கிலாந்தின் அண்மைக்கால அனுபவம். அங்கே சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்ய 1984இல் அனுமதி கிடைத்தது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வெளிப்படைத்தன்மை விதிகள் அடுத்த படி. சொத்துக் கைமாற்றம், உயில் நிர்வாகம், குடியேற்றம் போன்ற குறிப்பிட்ட பணிகளில் கட்டணத்தையும், அந்தப் பணியைச் செய்பவர்களின் தகுதியையும் அனுபவத்தையும் இணையதளத்தில் வெளியிடுவது கட்டாயமாயிற்று.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரியை மருத்துவத் தொழிலில் காணலாம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குகள், மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்றன. பெயருக்குப் பின் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையே போட வேண்டும் என்றன. மருத்துவர்களுக்கும் விளம்பரத் தடை உண்டு. விளம்பரத்தைத் தடுத்துக்கொண்டே தகவலைக் கட்டாயமாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

சட்டத்தொழிலுக்குள்ளேயும் ஒரு விதை இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கான 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், குழு வழக்கறிஞராகச் சேரப் பொதுவாக மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்கின்றன. உரிமையியல், குற்றவியல், தொழிலாளர், குடும்பம் எனத் துறைவாரியான குழுக்களுக்கும் வழிசெய்கின்றன. சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடும் ஏழைக்காக அரசு கேட்டுவைக்கும் கேள்வியை, காசு கொடுத்து வழக்கறிஞர் வைப்பவர் கேட்டு விடைபெற முறையான இடம் இல்லை.

கட்டாய வெளிப்படுத்தலிலும் சிக்கல்கள் உண்டு. பட்டமும் ஆண்டுக் கணக்கும் திறமைக்கு முழு அளவுகோல் ஆகமாட்டா. மூத்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்த மதிப்பெண் முறையை 2025இல் அதே நீதிமன்றம் கைவிட நேர்ந்தது. நீதிபதிகளுக்கே எட்டாத அளவீட்டை ஒரு பட்டியல் கட்சிக்காரருக்குத் தந்துவிடாது. ஆண்டுக் கணக்கை முன்னிறுத்தினால் இளையவர்களுக்கு வழக்கு வருவது மேலும் குறையும் என்ற கவலையும் தள்ளிவிடத்தக்கதல்ல.

சரிபார்ப்பு என்ற மூலக் கேள்வி

நான்கு நிலைப்பாடுகளும் ஒன்றை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன: அறிவிக்கத் தகுதி என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறு அதைக்கூடக் கேள்விக்குள்ளாக்கியது. கல்லூரிக்கே போகாமல் பட்டம் வாங்க வழிசெய்யும் ‘லெட்டர்பேட்’ சட்டக் கல்லூரிகள் பற்றிய வழக்குகளில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவுகள் பெரிய விவாதத்தைக் கிளப்பின. 2015இல் சென்னையில் பேசிய இந்திய பார் கவுன்சில் தலைவர், நாட்டின் வழக்கறிஞர்களில் முப்பது விழுக்காட்டினர் போலிகள் என்றார். அதைக் கணக்கெடுப்பாகக் கொள்ள முடியாது. தொழிலின் தலைமையே இவ்வளவு பெரிய ஐயத்தை வெளியிட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்து, பட்டச் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தர உத்தரவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் அகில இந்திய பார் தேர்வு செல்லும் என்றும் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருந்தது.

பொய்யான தகுதியை நம்பி ஏமாந்தவருக்கான பரிகாரமும் குறுகலானது. பதிவு பெறாமலே வழக்காடுவது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். பதிவு பெற்றவர் தகுதியை மிகைப்படுத்தினால், 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அது இருப்பது சென்னையில். அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் வழக்கறிஞர்களே. 2024 மே 14 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நுகர்வோர் ஆணையத்தையும் நாட முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று முடிவாகிவிட்டது. விளம்பரத்துக்குத் தடை, ஏமாற்றத்துக்கு நுகர்வோர் பரிகாரம் இல்லை என்ற இரண்டும் சேரும்போது, தகவல் தரும் பொறுப்பு தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பின்மீது கூடுதலாக விழுகிறது.

எது முடிந்தது, எது முடியவில்லை

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில் சில முடிவுகளுக்கு ஓரளவு துணிந்து வரலாம். வெற்றி விகிதம், தரவரிசை, புகழுரை, பிரபலங்களின் பரிந்துரை ஆகியவற்றைத் தடுப்பதற்கான காரணங்கள் இன்னும் வலுவாகவே நிற்கின்றன. சென்னைத் தீர்ப்பின் கவலையும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே. பதிவு எண், பதிவு ஆண்டு, கல்வி, வழக்காடும் நீதிமன்றம், துறை ஆகியவற்றை அதே தடைக்குள் வைப்பதற்கான காரணங்கள் அவ்வளவு வலுவானவை அல்ல. 2008ஆம் ஆண்டின் திருத்தம் இதை ஏற்கெனவே பாதி ஒப்புக்கொண்டுவிட்டது. இணையத்தில் தீங்கற்ற தகவல் நாகப்பட்டினம் நீதிமன்றச் சாலையின் பலகையில் மட்டும் தீங்காவதற்கு நிறைவான விளக்கம் காணக் கிடைக்கவில்லை.

அந்தத் தகவலை யார் தருவது என்பதில்தான் கருத்து பிரிய வேண்டியிருக்கிறது. வழக்கறிஞரே தந்தால் விளம்பரமாகும், தனியார் தளம் தந்தால் வணிகமாகும் என்று அஞ்சுகிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சரிபார்த்த விவரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவரும் தேடிப் பார்க்கும்படி பார் கவுன்சிலே வெளியிடலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் அதன் படியைக் கிடைக்கச் செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பதிவேடு பேணும் கடமை ஏற்கெனவே அதற்கு இருப்பதால், புதிய அதிகாரத்தைவிடப் புதிய மனநிலையே இதற்கு அதிகம் தேவைப்படும். இங்கே பேசப்பட்ட வழிகளில் குறைந்த ஆபத்துடன் அதிகப் பயன் தரக்கூடியது இதுவாக இருக்கலாம்.

மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. துறைத் தேர்ச்சியை யார் சான்றளிப்பது? அதற்கான அமைப்பு இல்லாதவரை, வழக்காடும் துறைகள் என்பது வழக்கறிஞரின் சொந்தக் கூற்றாகவே நிற்கும். தண்டனை பெற்ற விவரமும் பட்டியலில் இடம்பெற வேண்டுமா? பெற வேண்டும் என்றால் எத்தனை ஆண்டுகளுக்கு? முறையான தகவல் கிடைத்தால் தரகரின் பிடி உண்மையில் தளருமா? இந்த மூன்றாவது கேள்விக்கு வாதத்தால் மட்டும் விடை காண முடியாது. அறிமுகமற்றவர்கள் ஆண்டுதோறும் வந்துசேரும் வேளாங்கண்ணி போன்ற ஓரிரு ஊர்களில் செய்துபார்த்து, விபத்து இழப்பீட்டு வழக்குகள் யார் வழியாக வழக்கறிஞரைச் சென்றடைகின்றன என்பதை முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் தெரியும். அப்படி ஒரு ஒப்பீடு கைக்கு வரும்வரை, தடையை முழுதாக நீக்கச் சொல்வதும் முழுதாக இறுக்கச் சொல்வதும் சம அளவில் அவசர முடிவுகளாகவே இருக்கும்.